அத்தை கேட்ட காபி கேசரி

மகளுக்கு இது ஐந்தாம் மாதம். போன வாரம் சென்னையிலிருந்து போனில் பேசும்போது, அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் என்று காபி கேக் வெட்டினார்கள், ஒரு துண்டு சாப்பிட்டேன் என்றாள். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. கத்தியிருக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து என் கணவர் எழுந்து வந்துவிட்டார்.

அவள் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்மா. அளவா சாப்பிடலாமாம். கேக், ஐஸ்கிரீம்ல இருக்கிற காபியையும் அன்னிக்கு குடிக்கிற காபி, டீயோட சேர்த்துப் பாத்துக்கணும். வேகாத முட்டை, மது இதெல்லாம் சேர்த்த இனிப்பு மட்டும் வேணாம்னாங்க. கேக் தின்ன அன்னிக்கு நான் காபியே குடிக்கல, போதுமா?"

போதும். எனக்கும் இது தெரியும். பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறவள் நான். ஆனாலும் கத்திவிட்டேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு கிண்ணம் காபி கேசரி கிளறினார்கள். அதை நான் இன்னும் தின்று முடிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் மீனவர் ஊர் எங்களுடையது. எங்கே போவதென்றாலும் படகுதான். நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தங்கை, என் அத்தை, பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாய் தகப்பன் இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே அம்மா காபியை நிறுத்திவிட்டாள். சூடு, பிள்ளை கறுத்துப் போகும் என்றாள். எட்டாம் மாதத்தில் அத்தையின் கால்கள் வீங்கின. மெட்டி கழற்ற முடியவில்லை. கால் வீங்கினால் ஆண்பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரு சனிக்கிழமை நான் அம்மாவோடு பழவேற்காடு கடைவீதிக்குக் கிளம்பியபோது, அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய்க் காசைக் கையில் திணித்தாள்.

"உங்கம்மாவுக்குத் தெரியாம ஒரு பொட்லம் காபித்தூள் வாங்கினு வாடி. கேசரி கெளறித் தரேன். ரெண்டு பேருமா துன்னலாம்."

"அம்மா கண்டுபுட்சிட்டா?"

"என்னிய மாட்டிவுட்டுட்டு நீ தப்பிச்சிக்க. அதுல நீ கெட்டிக்காரிதானே."

பாவாடை மடிப்பில் முடிந்து கொண்டுவந்தேன். மறுநாள் அம்மா மீன்கூடையோடு கிளம்பியதும், அத்தை ரவையை வறுத்து, திக்கான டிகாஷனில் வேகவிட்டு, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறினாள். ஏரிச் சேறு மாதிரி இருக்கிறது என்றேன். "துன்னு பாத்துட்டுச் சொல்லுடி, ராங்கி" என்றாள். இரண்டு நாளாகத் தலைவலி என்று அவள் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள். மீதியெல்லாம் நான்தான் தின்றேன். அவள் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடியபடி காலிக் கிண்ணத்தை முகர்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்த நாள் விடிந்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, தல வெடிக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது. ஆஸ்பத்திரிக்கி இட்டுனு போ."

அன்றைக்கு எங்கள் பாடு. ஏரியில் இறால் படும் இடங்களை ஊர்க்காரர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பெயர் பாடு. நம் முறையன்று நாம் போய் வலை கட்டாவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். மறுபடி முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"இன்னிக்கி நம்ம பாடு, தெரியும்ல?" என்றார் நைனா. "மதியத்துக்குள்ள வந்துடறேன். அதுவரிக்கும் படுத்துனு இரு."

அன்று முறை இருந்த எங்கள் தெருப் படகுகள் எல்லாம் அவர் பின்னாலேயே போயின. உச்சிவேளைக்கு முன் அத்தைக்கு ஜன்னி வந்து கைகால் வெட்டி இழுத்தது. அம்மா கரைக்கு ஓடி, ஒரு படகும் இல்லாத தண்ணீரைப் பார்த்து முந்தானையை வீசிக் கத்தினாள். படகுகள் திரும்பியபோது நிறைய இறால். இறாலை இறக்கிவிட்டுத்தான் அத்தையை ஏற்ற முடிந்தது.

அத்தை பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

கால்வீக்கம், தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது எல்லாம் கர்ப்பகால ரத்தக்கொதிப்பின் அடையாளங்கள் என்றும், இரண்டு கரண்டி கேசரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் நான் படித்துத் தெரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. ஊருக்கு அத்தனை நாள் தேவைப்படவில்லை. அடுப்பு மேடைக்குப் பின்னால் அம்மாவுக்கு மீதித் தூள் பொட்டலமும் கேசரி ஒட்டிய சட்டியும் கிடைத்தன. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே காரணம் தெரிந்துவிட்டது.

பதினைந்து நாள் கழித்து, அத்தையை அழைத்துப்போக மாமா வந்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா சத்தம் போடவில்லை. "காலைலயே சொன்னாளாமே மச்சான். ஏன் இட்டுனு போவல?" என்று மட்டும் கேட்டார்.

நைனா தன் கால்விரலையே பார்த்தார். பிறகு, "காலைல போய் இன்னா ஆவப்போவுது? மொத நாளே காபியப் போட்டுக் கேசரி கெளறித் துன்னுக்கீறா. வயித்துல இருக்கறது எப்டித் தாங்கும்?" என்றார்.

நடுவில் போய் நின்று, நான்தான் தூள் வாங்கி வந்தேன், அத்தையைத் திட்டாதீர்கள் என்று அழுதேன்.

நைனா என்னை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். தலையில் கை வைத்தார். "போவட்டும். கொழந்த. அதுக்கு இன்னா தெரியும்" என்றார். பெரியவர்கள் ஆமாமென்று தலையாட்டினார்கள். மாமா அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் துணிமூட்டையைத் தூக்கினார். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. படகில் ஏறும்வரை அண்ணனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் வரவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

நைனாவின் கை வெகுநேரம் என் தலையிலேயே இருந்தது. இவ்வளவு பெரிய தப்பு செய்தவளை மன்னித்துவிட்டாரே என்று அன்று முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினேன். மாமாவின் கேள்வியிலிருந்து அவரைக் காப்பாற்றியது நான்தான் என்று எனக்குத் தெரியவில்லை.