ஈப்போவில் இறங்காதவர்

கிள்ளானில் தெரிந்தவர் வீட்டுச் சாவு என்றால் பக்கிரிசாமி போகாமல் இருந்ததில்லை. மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். யார் போன் செய்து செய்தி சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் அடுத்த சொல் "வரேன்" என்பதுதான். பந்தலுக்குச் சொல்வது, வேன் பிடிப்பது, நாற்காலி இறக்குவது எல்லாம் அவர் தலையில் விழும். அதனாலேயே அவர் மனைவி சீதாலெட்சுமியின் பினாங்குப் பயணம் மூன்று தடவை தள்ளிப் போயிருந்தது.

பினாங்கு அவளுடைய தாய்வழி ஊர். மகள் ஷாமினிக்குப் பிரசவம் சிக்கலானபோது, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் குயின் ஸ்திரீட் மாரியம்மனுக்குச் சேலை சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். பேரன் இப்போது ஓடுகிறான். சேலை அலமாரியிலேயே கிடந்தது. கடைசியில் செராஸில் இருக்கும் ஷாமினியே இரயிலுக்குப் போகவர டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பா, இந்தத் தடவ யார் செத்தாலும் நீங்க பினாங்கு போறீங்க லா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலை. கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் இரயில் ஏறி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சீதாலெட்சுமி கேன்டீன் பெட்டிக்குத் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து பக்கிரிசாமியின் போன் அடித்தது. குகன். அவருடைய பெரியப்பா மகன் ரெங்கசாமியின் பையன்.

"சித்தப்பா, அப்பா போய்ட்டாரு. விடியகாலையில. நாலு மணிக்கு எடுக்குறோம். வந்துருங்க."

"வரேன்பா."

பழகிய வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் தாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. ரெங்கசாமிக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. தம்பி என்று சொல்லிக்கொள்ள இவர் ஒருவர்தான். அடுத்த நிலையம் ஈப்போ. அங்கே இறங்கி எதிர் வண்டி பிடித்தால் எடுப்பதற்கு முன் கிள்ளான் போய்ச் சேர்ந்துவிடலாம்.

தலை நிறைய மல்லிகையும் இரண்டு கையிலும் கப்புமாக சீதாலெட்சுமி வந்தாள். "ஆடுற ஆட்டத்துல பாதி கீழ ஊத்திருச்சுங்க. மிச்சத்த குடிங்க," என்று சிரித்தாள்.

குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார். ஈப்போவில் கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், கதவு மூடியது. இவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். இருக்கை மெத்தென்று இருந்ததும், எழுந்து போக உடம்பு வணங்காததும்கூட உண்மை.

"உன் போன குடு. இன்னைக்கு நான்தான் உன்ன படம் எடுக்கப் போறேன்," என்றார். வாங்கியதும் முதல் வேலையாக அதிலும் தம் போனிலும் லைன் வராமல் அடைத்தார்.

கடைசி நிலையமான பட்டர்வொர்த்திலிருந்து படகில் கடல் தாண்டும்போது அவள் கைப்பையைத் திறந்து சேலையைத் தொட்டுப் பார்த்தாள். "இறங்குனதும் மொதல்ல கோயில்."

அப்போதுதான் அவருக்குத் தீட்டு நினைவு வந்தது. பங்காளி வீட்டுச் சாவு. பதினாறு முடியும்வரை இருவருமே கோயில் படி மிதிக்கக் கூடாது.

"கோட்டை பக்கத்துலதான இருக்கு. ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்," என்றார்.

கோட்டையில் ஒவ்வொரு பீரங்கியையும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். அங்கிருந்து கடலோரமாக நடந்தார்கள். கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் சீனர் வீடுகளுக்குக் கூட்டிப் போய்ப் பலகைப் பாலத்தின் கடைசிவரை நடத்தினார். அவர் கணக்குப்படியே, கோயில் மதியத்துக்கு நடை சாத்திவிட்டது.

"சாயங்காலம் தொறப்பாங்க. அதுக்கென்ன," என்றாள் சீதாலெட்சுமி. அவளுக்குத் துளியும் கோபமில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை மூன்று சக்கரப் பேச்சா வண்டியில் ஏற்றினார். தமிழ் பேசும் பேச்சாக்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன அங்கிள், ஹனிமூனா?" என்றார்.

"ஆமா தம்பி. முப்பத்தஞ்சு வருஷம் லேட்டு," என்றாள் அவள். பேச்சாக்காரர் சிரித்து முடிக்குமுன், "கோயில் திருவிழாவுக்குக்கூட இந்த மனுஷன் என்கூட நடந்ததில்ல. இன்னைக்கு என்னமோ வந்திருக்கு அவருக்கு," என்று கணவரைத் தோளால் இடித்தாள்.

அந்த இடி பக்கிரிசாமிக்கு நெஞ்சுவரை போனது. சைக்கிளில் போகும் பிள்ளைகளைச் சுவரில் தீட்டியிருந்த சந்தில் அவளை நிறுத்தி, "சிரி," என்றார். சிரித்தாள். தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தார். அவளுடைய ஐஸில் பாதியைத் தம் கோப்பைக்கு மாற்றிக்கொண்டு, 'அவளுக்குத் தெரியாதே. தெரியாமல் செய்தால் அவளுக்குப் பாவமில்லை. நான் வெளியே நின்றுவிடலாம்,' என்று ஒரு முடிவுக்கு வந்தார்.

நடை திறந்தபோது நாலரை. பூக்கடையில் தட்டு வாங்கி, சேலையும் தேங்காயும் வைத்து, அவள் அதை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே குடுங்க. உங்க கையால சாத்துனாதான் இன்னைக்கு எனக்குத் திருப்தி."

அவர் கை நீளவில்லை.

"என்னங்க?"

"சீதா, நம்ம உள்ள போகக் கூடாது. ரெங்கசாமி அண்ணன் போய்ட்டாரு."

அவள் படியிலிருந்து பின்வாங்கித் தட்டைப் பூக்கடை மேசைமேல் வைத்தாள். "எப்ப?"

"விடியகாலையில."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஈப்போவுக்கு முன்னாடி. குகன் கூப்பிட்டான்."

"அப்ப கோட்டையில?"

"தெரியும்."

"அந்தச் செவுத்துக்கிட்ட நின்னு சிரின்னு சொன்னீங்களே?"

"தெரியும் சீதா. உனக்காகத்தான்..."

"எனக்காகவா? எனக்கு ஆப்பரேஷன் ஆனப்ப ஆஸ்பத்திரியில கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்தது யாரு? உஷாக்கா. அவங்க புருஷன் செத்துக் கெடக்கையில நான் செண்டோல் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். சொல்லியிருந்தா உங்களுக்கு முன்னால ஈப்போவுல நான் இறங்கியிருப்பேன். அதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

அவள் கையை நீட்டினாள். அடைத்திருந்த லைனைத் திறந்து போனைக் கொடுத்தார். உஷாராணியை அழைத்து, அவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சீதா! எங்கம்மா வந்துட்டீங்க? ரோட்டுல ஜாமா?" உஷாராணியின் குரல் அழுது தேய்ந்திருந்தது. "சித்தப்பா வரேன்னுட்டாருன்னு குகன் சொன்னான். தம்பி வாய்க்கரிசி போடாம எடுக்கக் கூடாதுன்னு நான்தான் பிடிவாதமா நிறுத்தி வச்சிருக்கேன். மின்சுடலையில ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாங்க. இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

பக்கிரிசாமி போனுக்குக் கை நீட்டினார். சீதாலெட்சுமி தரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"அக்கா, நாங்க பினாங்குல இருக்கோம்."

பக்கிரிசாமி நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

"நேர்ல வந்து உங்க கால்ல விழுறேன்க்கா. இப்ப எங்களுக்காக நிறுத்தாதீங்க. அவர எடுத்துருங்க."

உஷாராணி போனை எங்கோ கீழே வைத்துவிட்டாள் போலிருந்தது. யாரிடமோ, "தம்பி வரல. தூக்கச் சொல்லுப்பா," என்பது எட்ட இருந்து கேட்டது. சங்கு ஊதினார்கள். தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். பெண்களின் அலறல் அதோடு சேர்ந்து எழுந்தது.

கோயிலுக்குப் போகிறவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் போனை இருவருக்கும் நடுவில் பிடித்திருந்தாள். தப்புச் சத்தம் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தேய்ந்து போகும்வரை பக்கிரிசாமி தலை குனிந்து நின்றார்.