இணைப்பு எண்

ஆறாம் மாதத்தில் குழந்தை என் வயிற்றிலேயே இறந்துபோனது. விடுப்பு முடியும் முன்பே எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டேன். ஓசூர் ரோட்டில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். கம்பெனி பஸ் புழுதியில் நின்று நின்று போகும். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. அலுவலகத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் உறைக்கவில்லை.

எங்கள் டீம் லீடுக்கு ஹாசன் பக்கம் ஊர். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"இதை எடுத்துக்கோங்க மேடம். மீட்டிங் கீட்டிங் எதுவும் இருக்காது" என்று ஒரு வேலையைத் தந்தார்.

ஒரு நெட்வொர்க்குக்குள் இன்னொன்றைச் சுரங்கப்பாதைபோல் கொண்டுபோகும் டனல் புரோட்டோகால் ஒன்றை எங்கள் ரூட்டர் மென்பொருள் பயன்படுத்த வேண்டியிருந்தது. மென்பொருளை எழுத நாங்கள் எடுத்துக்கொண்ட கணினி மொழியின் சிஸ்டம் லைப்ரரிக்கோ, தகவல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அந்த வகை சாக்கெட் முகவரி தெரியாது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய மொழி அது. நாமே சேர்த்து அனுப்பலாம் என்றார்.

வழக்கமான முகவரியில் ஐபி எண்ணும் போர்ட் எண்ணும் இருக்கும். இதில் போர்ட்டுக்குப் பதில் இணைப்பு எண். அவ்வளவுதானே என்று பழைய நிரலையே நகலெடுத்து மாற்றினேன். ஒன்று என்று கொடுத்தால், இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஏதோ பிரம்மாண்டமான எண் பதிவாகியிருந்தது. பல நாள் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. போர்ட் எண்ணின் பைட்டுகளை வரிசை மாற்றித் திருப்பிப்போட்டு அனுப்ப வேண்டும். இணைப்பு எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டும். நகலெடுத்ததில் இதுவும் திரும்பியிருந்தது. அந்த வரியை நீக்கியதும் ஒன்று ஒன்றாகவே வந்தது.

திருத்தத்தை அனுப்பிவைத்தேன். அந்த மொழியைப் பராமரிப்பவர்களில் எங்கோ வெளிநாட்டில் இருந்த ஒருவர் படித்துப் பார்த்து, அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க ஒரு டெஸ்டும் எழுதச் சொன்னார். எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். டீமில் மைசூர்பாகு வாங்கி வந்தார்கள். இனிக்கிறது என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

என் கணவருக்கு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அன்று மாலை அவர்தான் டீ போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதுதானே" என்றார்.

"தெரியல. ஒண்ணுமே தோணல."

டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கும் அப்படித்தான் இருக்கு. மெஷின் ஓடுது, பக்கத்துல நிக்கிறேன். யாராவது கேட்டா நல்லாருக்கோம்னு சொல்லிடறேன்."

அவர் தேறிவிட்டார் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

"நீங்க அழவே இல்லையே" என்றேன்.

"நீயும்தான் அழல."

அப்போதும் இருவருக்கும் அழுகை வரவில்லை. மறுநாள் அவர் ஷிஃப்டுக்குப் போகவில்லை, நானும் பஸ் ஏறவில்லை. பகல் முழுவதும் தூங்கினோம். எழுந்தபோது எனக்குப் பசித்தது.