ஆம்பூர் உப்புச் சாக்கும் மாதனூர் மண்ணும்

விவசாயம் படிக்க எங்கே போவது, படித்தால் என்ன வேலை கிடைக்கும், நிலத்து மண்ணை யாரிடம் கொடுத்துச் சோதிப்பது என்று இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் நேயர்கள் பெருகிவிட்டார்களாம். ஆசிரியர் அந்தக் கடிதங்களை என் தலையில் கட்டிவிட்டார். நான் பெரிய படிப்பாளி இல்லை. வேலூருக்கு அருகே ஒரு சர்க்கார் மாதிரிப் பண்ணையில் மண் சோதனைச்சாலை இருக்கிறது. அங்கே கண்ணாடிக் குழாய் கழுவப் போனவன், பார்த்துப் பார்த்துத் தராசு பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். விதிமுறைகளை வரிசையாக எழுதினால் நீங்கள் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடுவீர்கள். ஆகவே ஆம்பூர்ப் பக்கம் நான் போய்வந்த கதையைச் சொல்கிறேன். விதிமுறைகள் வழியில் அங்கங்கே ஏறிக்கொள்ளும்.

போனது ஒரு தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. போன காரணம் என் பள்ளித் தோழன் காதர் பாஷா. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், அவன் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்துவந்தான். தோலில் உள்ள மயிர் கழலுவதற்காகச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, இறங்கி மிதித்து, புரட்டிப் போடுகிற வேலை. பல வருஷமாகச் செய்து கைகால்கள் வெடித்துப் புண்ணாகிவிட்டன. இன்னும் ஒரு வருஷம் குழியில் இறங்கினால் விரல்கள் உதவாமல் போகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாதனூரில் அவனுக்கு மாமனார் வழியில் வந்த கொஞ்சம் நிலம் இருந்தது. எங்கள் பண்ணையில் விவசாயிகளுக்கு ஒரு வருஷப் பயிற்சி உண்டு. சாப்பாடு போட்டு, கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். நன்றாக முடித்தவர்களைப் பண்ணையிலேயே மேஸ்திரியாக எடுத்துக்கொள்வதும் உண்டு. காதர் அதற்கு மனுப் போட்டிருந்தான்.

இந்தப் பயிற்சிக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் சொந்த நிலத்து மண்ணில் இரண்டு படி அனுப்ப வேண்டும். படித்துவிட்டுத் திரும்புகிறவன் தன் நிலத்தை ஊருக்கு மாதிரியாகக் காட்ட வேண்டும் அல்லவா, உதவாத மண் என்றால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். காதரின் மண்ணைச் சோதித்ததில், "உப்பு மிக அதிகம், பயிருக்கு உதவாது" என்று வந்துவிட்டது. மாசி பிறந்ததும் வகுப்பு. இடம் வேறு ஒருவருக்குப் போகும், காதர் மறுபடி குழிக்குப் போவான். அவனுக்கு ஆறுதல் சொல்லத்தான் கிளம்பினேன். ஆறுதல் சொல்வதில் நான் மகா மட்டம் என்பது தெரிந்தும் கிளம்பினேன்.

வேலூர்க் கோட்டைப் பக்கத்திலிருந்து காலை ஏழு மணிக்கு மோட்டார் பஸ். ஆம்பூர் முப்பது மைல் சொச்சம், கட்டணம் பத்து அணா. டிரைவருக்குப் பக்கத்து இடம் கிடைத்தால் விடாதீர்கள், பின்னால் உட்கார்ந்தால் ஆம்பூரில் இறங்கும்போது உங்களை உங்கள் தாயாருக்கே அடையாளம் தெரியாது, அவ்வளவு புழுதி. பள்ளிகொண்டாவில் வண்டி காப்பிக்கு நிற்கும். வலது கைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு இடையே பாலாறு மணலாகத் தெரிந்துகொண்டே வரும். மாதனூர் வழியிலேயே இருக்கிறது. ஆனாலும் காதரை அழைத்துக்கொண்டு போகலாம் என்று ஆம்பூர்வரை சென்றேன்.

ஊர் வருமுன்னே வாசனை வந்துவிடும். முதல் தடவை போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அரைமணி நேரம் பொறுங்கள், மூக்கு சமாதானமாகிவிடும். அதற்குப் பிறகு தோலை ஊறவைக்கும் ஆவாரம்பட்டையின் மணம் தனியாகத் தெரியும், எனக்கு அது பிடிக்கும். வெள்ளிக்கிழமை ஷாப்புகளுக்கு விடுமுறை. வேலையைப் பார்க்க வேண்டுமானால் வேறு நாள் போங்கள், மனிதர்களைப் பார்க்க வெள்ளிக்கிழமைதான் சரி. தொழுகை முடிந்து வெளியே வந்த காதர், தெருவென்றும் பாராமல் கட்டிக்கொண்டான்.

"வாடா தோஸ்த்! எங்கயாச்சும் தின்னுட்டு வந்தியா, நம்ப வூட்டுக்கு வயித்தக் காலியா வெச்சிகினு வந்தியா?"

மனுத் தள்ளுபடி ஆனவன் முகமாக அது இல்லை. ஜட்கா பிடித்து மாதனூர் போனோம். ஏழு மைல், எட்டு அணா கேட்டான் வண்டிக்காரன். கொடுக்கலாம், குதிரை நல்ல குதிரை.

காதரின் மனைவி ஜமீலா வாசல் திரைக்குப் பின்னாலிருந்து சலாம் சொன்னாள். என்னிடம் எப்போதும் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசுவாள், ஆனால் அந்த வீட்டில் உரக்கப் பேசுகிறவள் அவள்தான். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. காதர் ஒரு ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

"என்னடா, துரையாகிவிட்டாயா?" என்று கேலி செய்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே வலது கையை விரித்துக் காட்டினான். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, சில இடங்களில் சதை சிவந்து தெரிந்தது. உப்பும் மிளகாயும் பட்டால் எரிகிறதாம், ஆறு மாதமாக ஸ்பூன்தானாம். 

சாப்பிட்டபின் நிலத்துக்குப் போனோம். நான் கற்பனை செய்து வைத்திருந்தது வெள்ளை பூத்துக் கிடக்கும் உவர் நிலம். அங்கே இருந்ததோ முழங்கால் உயரக் கேழ்வரகும், பந்தல் நிறைய அவரையும். கிணற்று நீர் இளநீராக இனித்தது. அவரை உப்பு மண்ணில் முளைத்த கையோடு கருகிவிடும் பயிர். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க ஆபீஸ்ல எவனோ சீசாவ மாத்திட்டான்" என்றான் காதர். "இத பாத்தா உப்பளமாட்டமா கீது?"

"எங்கள் ஐயா ஒவ்வொரு சீசாவையும் மூன்று தடவை கழுவச் சொல்கிற ஆள். மாறியிருக்க வழியே இல்லை" என்றேன்.

"அப்ப நான் பொய்யி, உங்க சீசாதான் நெஜம். அப்டித்தான?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. என் மேலதிகாரியைச் சொன்னால் எனக்கு வரும். இருவரும் வரப்பில் நின்று குரல் உயர்த்திக்கொண்டிருந்தோம். வீட்டுப் பக்கமிருந்து ஜமீலாவின் குரல் வந்தது.

"சண்ட போட்டா மண்ணு மாறிடுமா? அண்ணனுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, நேத்து புடுங்கின வேர்க்கடலைய எடுத்துக் குடுத்து அனுப்புங்க!"

அரைச் சாக்குப் பச்சை வேர்க்கடலையை, இன்னும் ஈரம் காயாததை, என் தோளில் ஏற்றினான். முகத்தைத் திருப்பிக்கொண்டே ஏற்றினான். ஐந்து மணி பஸ்ஸில் உம்மென்று உட்கார்ந்தேன்.

கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். சாக்கைப் பிரித்துக் கடலையைப் பல்லால் கடித்து உடைத்தேன். தோடு உப்புக் கரித்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் கரித்தது. பருப்பை மட்டும் தின்று பார்த்தேன், பால்போல் இருந்தது. சாக்கின் தையலைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பொடிக்கல்.

டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஆம்பூர் சாக்கா சார்? பச்சத் தோலு உப்புல கெடந்து வருது இல்ல, அந்த உப்ப உதறிக் கட்டுற சாக்கு அது. அந்தப் பக்கம் எல்லா வூட்டுலயும் அதான். எங்க மச்சான் அதுல வெல்லம் கட்டினு வந்தான், ஒரே பேஜாராப் போச்சு."

காதரும் இரண்டு படி மண்ணை எதில் கட்டி அனுப்பியிருப்பான்? நீர் பாய்ச்சிய ஈர மண், ஷாப்பிலிருந்து வந்த சாக்கு, பஸ் கூரை, எங்கள் அலுவலக மூலையில் சில நாள். சாக்கில் இருந்த உப்பெல்லாம் மண்ணில் இறங்கியிருக்கும். எங்கள் சீசா பொய் சொல்லவில்லை, அவன் நிலமும் பொய் சொல்லவில்லை. எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் சந்தோஷமாக இருந்தது.

"வண்டிய நிறுத்துங்க!" என்றேன்.

"வேலூருக்கு டிக்கெட் வாங்கிட்டு பள்ளிகொண்டாவுல எறங்குறேன்றீங்களே. மிச்சக் காசு வராது சார்" என்றார் டிரைவர். வராவிட்டால் போகட்டும் என்று இறங்கி, ஜட்கா பிடித்து மாதனூருக்கே திரும்பினேன். காதர் என்னைப் பார்த்ததும், "சண்ட பாக்கி கீதா?" என்றான். சாக்குத் தையலை அவன் வாயருகே நீட்டினேன். நுனி நாக்கால் தொட்டவன், மூலையில் மடித்துக் கிடந்த சாக்குகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தான்.

"வூட்ல எல்லாத்துக்கும் இந்த சாக்குதாண்டா. எனக்கு வேற சாக்கே தெரியாது" என்றான்.

அன்று அங்கேயே தங்கினேன். விடிந்ததும் மண் எடுத்தோம். நேயர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, நிலத்தில் பல இடங்களில் ஒரு சாண் ஆழம் வெட்டி, பக்கத்துச் சுவரிலிருந்து சீவி எடுத்து, ஒன்றாகக் கலக்க வேண்டும். வரப்போரம், எருக்குழி ஓரம் வேண்டாம். சரி, எதில் போடுவது? புதுப்பானை சந்தை நாளில்தான் கிடைக்கும். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. ஈயம் பூசிய பிரியாணிப் பாத்திரம், டேக்சா என்பார்கள், ஜமீலாவுக்குத் தாய்வீட்டில் கொடுத்தது.

"தேச்சிக் குடுக்கறேன் இருங்க" என்று அவள் அடுப்புச் சாம்பலை எடுக்கும் சத்தம் கேட்டது.

"சாம்பல் வேண்டாம் தாயே, சாம்பலிலும் உப்பு இருக்கிறது!" என்று நான் அலறிய அலறலில் காதர் வாய்விட்டுச் சிரித்தான். மனுத் திரும்பி வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்தது அப்போதுதான் என்று ஜமீலா பிறகு சொன்னாள். வெறும் தண்ணீரில் கழுவிக் கழுவியே டேக்சா வந்தது.

டேக்சாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எல்லோரும் சாப்பாடு என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஐயா ஒரு முறை தள்ளிய மண்ணை மறுபடி தொடமாட்டார். ஆகவே முதலில் மண்ணைக் காட்டவில்லை. கடலைச் சாக்கின் ஒரு துண்டைச் சுத்தமான நீரில் அலசி, அந்த நீரைக் கிண்ணத்தில் கொதிக்கவைத்து வற்றவிட்டு, அடியில் படிந்த வெள்ளையை அவர் மேஜையில் வைத்தேன். கதையைச் சொன்னேன். அவர் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு டேக்சாவைத் திறந்து முகர்ந்தார்.

"கிராம்பு வாசனை வருகிறதே, மாணிக்கம். சரி, தராசை எடு" என்றார்.

மண் நல்ல மண். காதர் மாசியில் வகுப்பில் உட்கார்ந்தான்.

இனி நேயர்களுக்கு. இன்டர்மீடியட் தேறிய பிள்ளைகள் விவசாயக் கலாசாலைப் பட்டத்துக்கு முயலலாம், அதற்கு ரசாயனத்தில் பயம் இருக்கக் கூடாது. பட்டம் பெற்றவர்களுக்கு ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டும் உத்தியோகமும், சோதனைச்சாலை வேலையும் உண்டு. பள்ளிக்கூடத்தோடு நின்றவர்கள் என்னைப்போல் குழாய் கழுவும் இடத்தில் நுழையலாம், கண் திறந்திருந்தால் தராசு வரும். நிலம் உள்ளவர்களுக்கு ஒரு வருஷப் பயிற்சிதான் சிறந்தது. மண் அனுப்பும்போது புதுப்பானை அல்லது துவைத்த வெள்ளைத் துணி. ஆம்பூர், பேரணாம்பட்டு நேயர்களுக்கு இதை இரண்டு தரம் சொல்கிறேன்: சாக்கு வேண்டாம், சாக்கு வேண்டவே வேண்டாம்.

காதர் இப்போது எங்கள் பண்ணையில் மேஸ்திரி. மாதனூரிலிருந்து பேரணாம்பட்டு வரை போய் மண் வாங்கி வருவது அவன் வேலை. யார் எதில் மண் கொடுத்தாலும், முதலில் பையின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்க்கிறான். ஊரில் அவனுக்கு 'நக்கல் மேஸ்திரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவனுக்கு அதில் பெருமைதான்.

போன மாதம் அதே பஸ்ஸில் மறுபடி மாதனூர் போனேன். இந்தத் தடவை டேக்சாவில் பிரியாணி. திரைக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, வெறும் தண்ணியிலதான் கழுவினேன்" என்று குரல் வந்தது. ஜமீலா வழக்கம்போல் காதரின் தட்டில் ஸ்பூனையும் வைத்து அனுப்பியிருந்தாள். காதர் அதை எடுத்து என் தட்டில் போட்டான். நகக்கண்ணில் மண் ஒட்டிய விரல்களைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டான்.