பலூன் கடைக்கு மேக்னம் குண்டு வந்தது

பலூன் சுடும் கடை என்பது துப்பாக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டு துப்பாக்கிக்கு ஏங்கும் தொழில். துணிக்கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிறவர்களுக்கும், சர்க்கரை வியாதியோடு ஜாங்கிரி எடை போடுகிறவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் மேலே படியுங்கள்.

கடை பழவேற்காடு கடற்கரையில் இருக்கிறது. கடை என்றால் நாலு சவுக்குக் கட்டை, ஒரு பலகை, அதில் வரிசையாகக் கட்டிய பலூன், ரெண்டு ஏர்கன். சனி, ஞாயிறு சென்னையிலிருந்து வரும் கூட்டம்தான் வியாபாரம். முதலாளி பாய் பக்கத்திலேயே சர்பத் கடை வைத்திருக்கிறார். பலூன் கடை முழுக்க என் பொறுப்பு. எனக்குப் பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். குடும்பக் கஷ்டம், அது இது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி ஒன்றும் இல்லை. நைனா படகுக்குப் போகிறார், வீட்டில் சோறு இருக்கிறது. எனக்கு வகுப்பில் உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அஞ்சு தோட்டா

பொன்னேரியில் படித்தபோது என்.சி.சி. என்கிற மாணவர் படையில் இருந்தேன். பத்து நாள் முகாம் ஒன்று வந்தது. ஒன்பதாம் நாள் ஆளுக்கு அஞ்சு தோட்டா கொடுத்தார்கள். நிஜ ரைஃபிள், பாயிண்ட் டூ டூ. மணல் மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்தேன். சின்ன வயதிலிருந்து ஏரியில் முங்கி மட்டி எடுத்தவள் நான். மூச்சைப் பிடிக்கச் சொல்வதற்கு முன்னாலேயே அது நின்றுவிட்டது. அஞ்சும் போன பிறகு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லா ஓட்டையையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். பயிற்சி கொடுத்த ஹவில்தார் அடுத்த முகாமுக்கு என் பெயரை எழுதிக்கொண்டார்.

அந்த முகாம் வருவதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். டிசி வாங்கப் போன அன்று காக்கி உடுப்பையும் பூட்ஸையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்போதுதான் உறைத்தது. படிப்பை விட்டால் துப்பாக்கியும் கூடவே போய்விடும் என்பது எனக்கு அதுவரை நிஜமாகவே தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்த என் சிநேகிதி சங்கீதாவிடம் சொன்னேன், படிப்பைத்தான் விட்டேன், சுடுவதை விடவில்லையே என்று. அவள் சொன்னாள்: "சுடுறதுக்கு மட்டும் தனியா ஸ்கூல் கெடையாதுடி."

பழசா, புதுசா

அதற்குப் பிறகு எனக்கு மிச்சம் இருந்தது போன் மட்டும்தான். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் மேஜையில் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி வைத்துப் பேசும் வீடியோக்கள் இருக்கின்றன. மான் சுடும் இடம் வந்தால் தள்ளிவிடுவேன். எனக்கு எதையும் கொல்ல வேண்டாம். எனக்கு வேண்டியது அந்த மேஜை.

மேக்னம் என்றால் வெடிமருந்து அதிகம் அடைத்த, வேகமான தோட்டா. ஏழு மில்லிமீட்டர் மேக்னத்தில் பழசு ஒன்று, புதுசு ஒன்று. பழசின் அடியில் வளையம் போல ஒரு மேடு இருக்கும், அதற்கு பெல்ட் என்று பெயர். புதுசுக்கு அது கிடையாது. புதுசின் குண்டு நீளம், ஒல்லி. தூரம் போகும்போது பக்கக் காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சேர்த்து வைத்து வீட்டிலேயே மறுபடி மருந்து அடைத்துக்கொள்கிறவர்கள் அங்கே நிறைய. பழசில் அந்த பெல்ட்டுக்கு மேலே கூடு சீக்கிரம் விரிசல் விடுகிறது என்பது அவர்கள் புலம்பல். ஆனால் பழசு அங்கே எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். புதுசுக்கு அலைய வேண்டும். இதைப் பாடமாக வைத்திருந்தால் நான் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் செக்யூரிட்டியாக இருக்கும் ஒரு சார் குடும்பத்தோடு வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்று அவர் மனைவி சொன்னதும் நான் விடவில்லை. தோளில் எப்படி இடிக்கும், எவ்வளவு கனம், கேட்டுக்கொண்டே இருந்தேன். பழசு புதுசு எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தேன். சர்பத்தைக் கையில் வைத்தபடி கேட்டார்.

"சரி, உனக்கு எது வேணும்னுற?"

"புதுசுதான் சார் நல்லது. கைக்குக் கெடச்சா பழசே போதும்."

அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் சுட்டு முடித்ததும் போகிற போக்கில் சொன்னார்: "பதினேழு வருஷம் கையில வெச்சிருந்தேன் பாப்பா. அதப் பத்தி இவ்ளோ நெனச்சதே இல்ல."

டப்பா மேலே எழுதியிருந்தது

ஒரு வெள்ளிக்கிழமை பாய் சென்னைக்குப் போய்ப் புது ஈயக்குண்டு வாங்கி வந்தார். டப்பா மேலே கொட்டை எழுத்தில் மேக்னம் என்று போட்டிருந்தது. அவர் கையிலிருந்தே டப்பாவைப் பிடுங்கினேன் என்று ஒத்துக்கொள்கிறேன். திறந்து பார்த்தால் அதே ஏர்கன் குண்டுதான். கடையில் முன்பே இருந்த பழசு தட்டைத் தலை. இது கூர்மூக்கு, கொஞ்சம் கனம். இதற்குத் தனி ரேட்டு என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.

மறுநாள் காலையில், கூட்டம் வருவதற்கு முன், பலகையில் ரெண்டு காகிதம் ஒட்டி, பழசில் பத்து, புதுசில் பத்து சுட்டுப் பார்த்தேன். எங்கள் துப்பாக்கியின் ஸ்பிரிங் கிழடு. அதற்குப் பழசுதான் சரி. கனமான குண்டைத் தள்ள முடியாமல், பதினைந்தடிக்குள்ளேயே ஒரு விரல் அளவு கீழே போட்டது. போதாததற்குக் கூர்மூக்கு பலகையில் புதைந்துகொள்கிறது, கத்தி வைத்துத் தோண்ட வேண்டும். வாங்க வந்தவர்களிடம் இதை அப்படியே சொன்னேன். "மேக்னம் வேணாம் சார், பழசே எடுங்க. மேக்னம்தான் வேணும்னா ஒரு விரல் மேல பிடிங்க." மத்தியானத்துக்குள் பாய் சர்பத் கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். திட்டவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உண்மைய சொல்லும்மா, வேணாங்கல. காசு வாங்கின பெறவு சொல்லு."

வலை வீசுகிறவர் சுட்டால்

எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் சுட மாட்டார்கள். சுட்டாலும் படாது. அதற்குக் காரணத்தை நான் கண்டுபிடித்தேன். வீச்சு வலை வீசிப் பழகியவர்கள் விசையை இழுக்கும்போது உடம்பையும் சேர்த்து முன்னால் விட்டுவிடுகிறார்கள். வலைக்கு அதுதான் வேண்டும், இடுப்பிலிருந்து தோள் வழியாகக் கை வரைக்கும் மொத்தமும் கூடப் போக வேண்டும். துப்பாக்கிக்கு அது ஆகாது. மூக்கு கவிழ்ந்துவிடும்.

மணி அண்ணன் நைனாவோடு ஏரிக்குப் போகிறவர். ஆறு குண்டு சுட்டார், ஆறும் பலூனுக்குக் கீழே. "உடம்ப விடாதண்ணே, கல்லு மாதிரி நில்லு" என்றேன். "கல்லு மாதிரி நின்னா எப்படி போகும்? இன்னா பேசுற நீ?" என்றார். ஏழாவதிலும் உடம்பு போனது. அப்புறம் அவர் நிஜமாக எதற்கு வந்தாரோ அதைக் கேட்டார். பலகைக்குக் கீழே சாக்கில் விழுந்து கிடக்கும் நசுங்கின குண்டெல்லாம் வேண்டும், உருக்கி வலையின் விளிம்புக்கு ஈயமணி ஊற்ற. பாய் அவற்றையே தேய்த்து உருட்டி மறுபடி அடைக்கச் சொல்வார். நான் மாட்டேன் என்பேன், நசுங்கின குண்டு நேராகப் போகாது. அதனால் அள்ளிக் கொடுத்தேன். மேக்னத்தையும் காட்டி, இது பறப்பதற்கு லாயக்கில்லை அண்ணே என்றேன். உள்ளங்கையில் போட்டுக் கனம் பார்த்தார். "ஈயம்னா கீழதான் போவும். நீங்கதான் அத நேரா போ, நேரா போன்னு பாடாப் படுத்துறீங்க."

காரில் வந்தவர்கள்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் ஏரிக்குப் பறவைகள் வரும். பூநாரை, கூழைக்கடா, சேற்றில் ஓடும் உள்ளான். எல்லாம் சரணாலயம், யாரும் தொடக் கூடாது. ஒரு பெரிய காரில் நாலு பேர் வந்தார்கள். சும்மா பத்துப் பலூன் உடைத்தார்கள். பிறகு அதில் மோதிரம் போட்ட ஒருவர், ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஏர்கன் வாடகைக்குக் கொடு, படகில் போய்விட்டு வருகிறோம் என்றார். மேக்னம் குண்டு டப்பாவையும் கேட்டார். உள்ளான் அடிக்கத்தான் என்று ஒளிக்காமலே சொன்னார். முடியாது சார், துப்பாக்கி கடையைத் தாண்டாது என்றேன். அவர் போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். அவருடைய தோட்டத்து வீடு. சுவரில் சாய்த்து வைத்த ரைஃபிள், தொலைநோக்கியோடு. லைசென்ஸ் இருக்கிறது, மேக்னம், அடுத்த வாரம் வா, உனக்கு எத்தனை வேண்டுமோ சுடு என்றார்.

நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, துப்பாக்கி அப்போது என் கையில் இருந்தது. அதை நீட்டுவதற்குக் கை கொஞ்சம் எழும்பியதும் நிஜம். பறவை நினைப்பு வந்து அது நிற்கவில்லை. நான் கேட்ட ஒரு கேள்வியால் நின்றது. "சார், அது பழைய மேக்னமா, புதுசா?" அவர் சரியாகப் பதில் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு சொன்னார்: "எதுவா இருந்தா இன்னா, சத்தம் பெருசா வரும்."

காக்கி

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் குப்பை பொறுக்க மாணவர் படை வந்தது. என் பள்ளிக்கூடம்தான். சாக்குப்பையோடு வந்த முதல் ஆள் சங்கீதா. அவள் தோளில் ஒரு புதுப் பட்டை இருந்தது. பெரிய முகாமுக்குப் போய் வந்தவர்களுக்குத் தருவது. என் பெயரை எழுதி வைத்திருந்தார்களே, அந்த முகாம்.

"உன் எடத்துல நான் போனேன். யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்ல. எப்படி இருந்துச்சு?"

"அய்யோ, தோள்பட்ட செவந்துட்சு. நாப்பது தோட்டாடி. கடைசி நாளு மழ. துணிய போத்திக்கினு சுட்டோம்."

நாற்பது. நான் குண்டை அடைத்துக் கொடுத்தேன், அவள் சுட்டாள். எட்டில் ஏழு உடைந்தது. எட்டாவதைத் தவறவிட்டதும் துப்பாக்கியை என்னிடம் நீட்டினாள். கூட்ட நேரத்தில் கடைக்காரர் சுடக் கூடாது என்பது பாய் போட்ட சட்டம். நான் அதை வாங்கி, தவறிய அந்த ஒன்றை உடைத்தேன். ஓரத்தில் கட்டிய அடுத்ததையும். அதற்கடுத்ததையும். பாய் சர்பத் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வரிசை முழுக்க உடைத்து முடித்து நிமிர்ந்தபோது மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். சங்கீதா தட்டவில்லை. சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்: "ஸ்கூல் புடிக்கலன்னுதான போன. இப்ப இன்னா, பலூன் புடிக்குதா?"

ஆபீஸ் ரூம்

அதற்கு நான் நாலு நாள் பதில் யோசித்தேன். அஞ்சாம் நாள் பொன்னேரி பஸ் ஏறினேன். நைனாவிடம் சொன்னபோது அவர் வலையிலிருந்து தலையைத் தூக்காமல், போய்க் கேளு, கேக்கறதுக்கு இன்னா என்றார்.

ஆபீஸ் ரூமில் கிளார்க் மேடம் ஒரு மனு எழுதச் சொன்னார். மறுபடி சேர விரும்பும் காரணம் என்று ஓர் இடம். "ரைஃபிள் சுடுவதற்காக" என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பதினொன்றாம் வகுப்பு முதலிலிருந்து, ஜூன் மாதத்திலிருந்து, என்னை விடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்றார். சரி என்றேன். மாணவர் படைக்கு மறுபடி ஆள் எடுப்பார்கள், ஓட வைப்பார்கள், அளவு பார்ப்பார்கள், பழைய பெயரெல்லாம் செல்லாது என்றார். அதற்கும் சரி என்றேன். "எடுப்பாங்களா மேடம்?" என்று கேட்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, மனுவில் குத்திவிட்டுச் சொன்னார்: "கிளாஸ்ல உக்கார வெக்கறது வரைக்கும்தான் என் கையில இருக்கு. துப்பாக்கி குடுக்கற ஆளு வேற, அவரு கொடுக்கலன்னாலும் நீ வெளிய எழுந்து போவக்கூடாது, அதுக்குத்தான் கையெழுத்து."

ஒருவேளை கிடைக்கலாம் என்ற அஞ்சு தோட்டாவுக்காக ஒரு வருஷம் முழுக்க பெஞ்சில் உட்காருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இனிமேல் எனக்குப் பொறுமை இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.