ஜன்னலோரம் ஒரே ஒரு டிக்கெட்

என் வூட்டுக்காரரு மைன்ஸ்ல முப்பத்திரண்டு வருஷம் ஷிஃப்ட் பாத்துட்டு ரிட்டயர் ஆனாரு. ஆன மறுவாரமே, "எங்கன்னா வெளிநாடு போய்ட்டு வரலாமா?"ன்னு கேட்டாரு. காதுல விழுந்தத நானே நம்பல. பேசிப் பேசி, இலங்கைக்கு எட்டு நாளுன்னு முடிவாச்சு. கொழும்பு, கண்டி, பதுளை, திருகோணமலை, யாழ்ப்பாணம். குவாட்டர்ஸ காலி பண்ண இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சு. அதுக்குள்ள போய்ட்டு வந்துடணும்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. கண்டியிலேர்ந்து பதுளைக்கு மலை மேல ஏறிப் போற ரயில்ல ஜன்னலோரமா உக்காந்துகினு போவணும். ஏழெட்டு மணி நேரம் ஆவுமாம். ஆவட்டுமே! போன்ல அந்த ரயிலப் பாத்ததிலேர்ந்து வேற எந்த ஊரும் என் கண்ணுல நிக்கல. ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம், இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம், நடுவுல ரயிலு ஆடி அசைஞ்சு போவுது. யாரும் எழுப்ப மாட்டாங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. கம்பெனி குடுத்த சலுகையில நாங்க டெல்லி வரைக்கும் போனவங்கதான். அப்ப ஜன்னலு பசங்களுக்கு, மேல் பெர்த்து அவருக்கு, சாப்பாட்டுப் பை எனக்கு.

ஒரு ஞாயித்துக்கெழம காலையில பழைய காலண்டர் தாளத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வச்சிக் கட்டம் போட ஆரம்பிச்சாரு. மத்தியானம் கூப்ட்டுக் காட்னாரு. மனுசனுக்குப் பெருமை தாங்கல. பாத்தா, எட்டு நாளையும் ஷிஃப்ட்டாப் பிரிச்சி வச்சிருக்காரு! ஆறுலேர்ந்து ரெண்டு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், கண்டி கோயிலும் பூந்தோட்டமும். ரெண்டுக்கு மேல செகண்ட் ஷிஃப்ட், கடைத்தெரு, ஏரிக்கரை. எல்லாத்துக்கும் எதிர்ல 'பொறுப்பு'ன்னு ஒரு வரிசை வேற. வண்டிக்கு டிரைவர். டிக்கெட், பாஸ்போர்ட்டுக்கு அவரு. சாப்பாட்டுக்கு வீட்டம்மா.

"சாப்பாடுன்னா என்னங்க?"

"கரண்ட் குக்கர் எடுத்துகினு போயிடலாம்மா. ரூம்லயே சோத்த ஆக்கி, பொடி, ஊறுகாய்னு முடிச்சிக்கலாம். வெளிச் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது."

"முப்பத்திரண்டு வருஷமா கேன்டீன் பொங்கல் மட்டும் ஒத்துக்கிச்சாக்கும்?"

கட்டம் கட்டமா வெரல வச்சிப் பாத்தன். நான் ரயிலத் தேடுறன், தேடுறன், காணோம். மூணாம் நாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுல 'கண்டி – பதுளை, வேன்'னு இருந்துச்சு.

"ரயில் எங்கங்க?"

"ரயில்ல போனா ஒரு நாள் பூரா வேஸ்ட்டும்மா. வேன்ல போனா வழியில நுவரெலியாவையும் பாத்துட்டு, ரெண்டு மணிக்கெல்லாம் பதுளை போய்ச் சேந்துடலாம். சும்மா உக்காந்துகினு வர்றதுக்கா அவ்ளோ தூரம் போறோம்?"

"ஆமாங்க. நான் சும்மா உக்காரத்தான் போறன்."

சிரிச்சாரு. அங்கதான் எனக்குப் பத்திகினு வந்துச்சு.

இவரு ஷிஃப்ட் பாத்தாரு, சரி. நான் என்ன பாத்தன்? அவரு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுன்னா நான் நாலு மணிக்கே அடுப்பு முன்னாடி நிக்கணும். நைட் ஷிஃப்ட் வாரத்துல பகல்ல தூங்குவாரு. அந்த வாரம் எங்க வூட்டுக் குக்கருக்கு விசில் கெடையாது, மிக்சி ஓடாது, பசங்க பாடத்தக்கூட வாய்க்குள்ளயே படிக்கும். வாரத்துல ஒரு நாள் அவருக்கு ஆஃப். அன்னிக்குத்தான் எனக்கு வேலை ரெண்டு மடங்கு.

இதெல்லாம்கூடப் பரவால்ல. அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஆள் வரலன்னா, அதையும் சேத்துப் பாத்துட்டுத்தான் வருவாரு. அப்ப செல்போன் ஏது? ரெண்டு மணிக்கு வரவேண்டியவரு நாலாயும் வர மாட்டாரு, அஞ்சாயும் வர மாட்டாரு. பஸ் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவன். சுரங்கத்துல என்ன ஆச்சோ ஏது ஆச்சோன்னு தெருமொனையவே பாத்துகினு நிப்பன். அவரு வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வாய் சோறு எறங்காது. ராத்திரி பத்துக்கு மேல வந்து, "ஆள் வரலம்மா"ன்னு ரெண்டே வார்த்த சொல்லிட்டு, கையக் கழுவிட்டு உக்காந்துடுவாரு. நானும் தட்டு எடுத்து வச்சிடுவன். ஒரு நாள்கூட வாயத் தொறந்து கேட்டதில்ல. அது என் தப்புதான்.

"ரயில் இல்லன்னா நான் வரல. குக்கர் வந்தாலும் நான் வரல"ன்னு சொல்லிட்டன்.

"அடம் புடிக்காதம்மா."

"அடம்னே வச்சிக்கங்க."

ரெண்டு நாள் பேச்சு வார்த்த இல்ல. மூணாம் நாள், "சரி, பாதி தூரம் ரயிலு, பாதி தூரம் வேனு"ன்னு வந்து நின்னாரு. பேரம் பேசுறாராம், பேரம்! மைன்ஸ்ல ஆளுங்களச் சமாளிச்ச பழக்கம் வூடு வரைக்கும் வருது. பாதி ஜன்னல் எனக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிட்டன்.

அன்னிக்கு சாயந்தரம் கோயம்புத்தூர்ல இருக்கிற எங்க பொண்ணுக்குப் போன் போட்டன். அவ சொல்லச் சொல்ல, நானே தட்டித் தட்டி ரயில் டிக்கெட் போட்டன். எம் பேரு, எம் பாஸ்போர்ட்டு நம்பரு, ஜன்னலோரம்.

"எத்தினி டிக்கெட்டும்மா?"

"ஒண்ணு."

"அப்பாவுக்கு?"

"அப்பாவுக்குத்தான் வேன் இருக்கே."

போன நீட்டி அவருகிட்ட காட்னன். கண்ணாடியப் போட்டுகினு ரெண்டு தடவ படிச்சாரு. "எனக்கும் ஒண்ணு போட்டிருக்கலாம் இல்ல?"ன்னு கேட்டாரு. கொரலு எறங்கிப் போயிருந்துச்சு. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டன். ஆனா விடல.

"வேணாங்க. நீங்க வந்தா ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எத்தினி நிமிஷம் லேட்டுன்னு சொல்லிகினே வருவீங்க. நீங்க உங்க ஷிஃப்ட் பிரகாரம் வேன்ல போங்க. நான் சாயந்தரம் பதுளையில எறங்குறன்."

"நான் ரெண்டு மணிக்கே போய்ச் சேந்துடுவனே. அது வரைக்கும் என்ன பண்றது?"

"ஸ்டேஷன்ல காத்துகினு இருங்க."

"ரயில் லேட்டாச்சுன்னா?"

"லேட்டானா லேட்டுதான். மலையில போன் எடுக்காதாம். நான் எங்க வர்றன்னு உங்களுக்குத் தெரியாது."

என் மூஞ்சிய நிமுந்து பாத்தாரு. அப்புறம் காலண்டர் தாள இழுத்தாரு. அதுல எடுத்துகினு போற சாமான் பட்டியல்ல மொத வரியா இருந்த கரண்ட் குக்கரக் கோடு போட்டு அடிச்சாரு. மூணாம் நாள் கட்டத்துல, ரெண்டு மணிக்கு நேரா, பொடி எழுத்துல எழுதினாரு: 'பதுளை ஸ்டேஷனில் காத்திருத்தல். பொறுப்பு: நான்.'

"இன்னொண்ணும் சேத்து எழுதுங்க"ன்னு சொன்னன். "நான் வந்து எறங்குற வரைக்கும் சாப்புடக் கூடாது."

எழுதினாரு.