அவன் விட்ட பாய்லர்

என் எஞ்சின் பட்டறையிலிருந்து திரும்பிய காலையில் செங்கோட்டை ஷெட்டில் இருந்தவர்கள்: போர்மேன். என் டிரைவர் அண்ணாச்சி. என் அத்தை மகன். அப்புறம் நான். நானும் அத்தை மகனும் எஞ்சினுக்குக் கரி தள்ளுகிற பயர்மேன்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

ஷெட்டில் எல்லாம் ஒரே வகை எஞ்சின். வெள்ளைக்காரன் காலத்தது. ஆளுக்கு ஒன்று என்று விட்டிருந்தார்கள். முதலில் எண்ணெய் விளக்கை எடுத்துவிட்டுக் கரண்ட் விளக்கு வைத்தார்கள். அத்தை மகன் எஞ்சினுக்கு. பிறகு நெருப்புத் தட்டை மாற்றினார்கள். பழைய தட்டில் நீளக் கம்பி விட்டுச் சாம்பலைக் கிளற வேண்டும், கை வெந்துபோகும். புதியதில் ஒரு பிடியை ஆட்டினால் போதும். அதுவும் அவனுக்கு. கடைசியில் புது பாய்லர். அதுவும் அவனுக்குத்தான்.

உடனே குற்றால சீசன் வண்டியும் அவனுக்குப் போனது. தென்காசியில் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக இறங்குகிற கூட்டம் அவன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே போகும். நான் பக்கத்து லைனில் கூட்ஸோடு நிற்பேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

ஒருவழியாக என் எஞ்சினும் பட்டறைக்குப் போயிற்று. புது பாய்லரோடு வந்தால் அடுத்த சீசன் வண்டி எனக்கு என்றார் போர்மேன். கார்த்திகை மழை பூராவும் அதே நினைப்பு.

வந்தது. புதுப் பெயின்ட், கரண்ட் விளக்கு, ஆட்டுகிற தட்டு. ஏறி நெருப்புக் கதவைத் திறந்தேன். பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒட்டு. அத்தை மகன் லீவு போட்ட நாட்களில் அவன் எஞ்சினில் இதே ஒட்டைப் பார்த்துக்கொண்டு நான் கரி தள்ளியிருக்கிறேன். அவன் எஞ்சினில் கழற்றிய பழைய பாய்லர். செப்பனிட்டு என் எஞ்சினில் ஏற்றிவிட்டார்கள்.

அவனும் பின்னாலேயே ஏறி எட்டிப் பார்த்தான்.

"ஏலே, இது நம்ம பாய்லர்லா! நான் அவுத்துப் போட்ட வேட்டியத் தொவச்சு ஒனக்குக் குடுத்திருக்கான்."

"கீழ எறங்குலே."

"கோவப்படாத மாப்ளே. நல்லாக் கொதிக்கும், ஒன் வயிறு மாதிரி."

டிரைவர் அண்ணாச்சியும் சிரித்துவிட்டார்.

போர்மேன் கீழே நின்றபடி கேட்டார். "செவப்புக் கோடு எதுலடே இருக்கு? நூத்தி எம்பதுன்னா சீசன் வண்டி ஒனக்குத்தான். கொறஞ்சா கூட்ஸுதான், பாத்துக்கோ."

பாய்லரின் பலத்தைப் பார்த்துப் பட்டறையில் மீட்டரில் போடுகிற கோடு அது; நீராவி அழுத்தத்தை அதற்கு மேல் ஏற்றக்கூடாது. அத்தை மகன் மீட்டரில் அது நூற்று எண்பதில் இருந்தது. என் மீட்டரின் கண்ணாடியில் பெயின்ட் தெறித்திருந்தது. துணியால் துடைத்தேன்.

நூற்று அறுபது.