மீனின் செவுளைத் தொடாதீர்கள்

நான் ஓய்வு பெற முப்பத்தெட்டு நாள் இருந்தபோது என் கையில் ஒரு மெமோ கொடுத்தார்கள். முதல் மாடிக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஐரோப்பிய ஓவியம் ஒன்றில், மீனின் செவுள் பகுதியை நான் ஈரத்துணியால் துடைத்துச் சேதப்படுத்திவிட்டேனாம். பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

அரசு வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால், கடைசி நாளில் மாலை போட்டு அனுப்பிவைக்க மாட்டார்கள். ஓய்வு பெறவே விடாமல் நிறுத்திவைத்து, விசாரணை முடியும்வரை இழுத்தடிப்பார்கள். பென்ஷனும் அதுவரை தொங்கும். என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து திருவொற்றியூரில் வாடகை வீட்டில் படுத்திருக்கிறார். அந்தப் பென்ஷனை விட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வழி கிடையாது.

என் பெயர் கஸ்தூரி. கேலரி அட்டெண்டராக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். அருங்காட்சியகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், ஓய்வு பெற்றவளுக்கும் மெமோ அனுப்ப ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதினொரு படங்கள்

துறைமுகத்துக்கு வடக்கே, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் எங்கள் கட்டடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் மாளிகை. அவர் விட்டுப்போன பதினொரு ஐரோப்பிய ஓவியங்கள் முதல் மாடிக் கூடத்தில் இருக்கின்றன. மூலையில் ஒரு மர ஸ்டூல். அதுதான் என் ஆபீஸ்.

முதல் நாள் சூப்பர்வைசர் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தது அரை நிமிஷம்தான். "யாரும் படத்தைத் தொடக் கூடாது. அவ்ளோதாம்மா உன் வேலை" என்றார். அந்த "அவ்ளோதான்" எவ்வளவு பெரிசு என்று எனக்கு அன்று தெரியவில்லை.

எங்கள் கூடத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. அடுத்தது, "இது ஒரிஜினலா?" அதற்கடுத்தது, "வித்தா எவ்ளோ வரும்?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது.

புயலில் மாட்டிய பாய்மரக் கப்பல் படம் ஒன்று உண்டு. ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆண்கள் அதன் முன்னால் நின்றால் நகர மாட்டார்கள். "இந்தக் காத்துல இத்தினி பாய விரிச்சி வச்சிகினு கீறான். இவன் எவன்கிட்ட தொயில் கத்துகினான்?" என்று ஒருவர் அரைமணி நேரம் என்னைப் பிடித்துக்கொண்டு திட்டினார். ஏதோ நான்தான் அந்தப் படத்தை வரைந்ததுபோல.

அதற்குப் பக்கத்தில் கழுத்தில் மூன்று சரம் முத்துமாலை போட்ட ஒரு சீமாட்டி. முத்து நிஜமாகவே ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்க வரும் பெண்களைத் தடுப்பதே தனி வேலை. எனக்கு அவள் முத்தைவிட முகம்தான் பிடிக்கும். இன்னும் எத்தனை நேரம் இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அலுத்துப்போன முகம். மதியம் மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

ஆற்றங்கரையில் மாடுகள் மேயும் படத்தை யாரும் சட்டை செய்வதில்லை. நானும் பத்து வருஷம் சட்டை செய்யவில்லை. பிறகு ஒரு நாள், தூரத்து வீட்டின் புகைக்கூண்டில் கோடுபோலப் புகை வருவதைப் பார்த்தேன். யாரோ உள்ளே சமைக்கிறார்கள். அதற்குப் பிறகு, அந்த வீட்டில் இன்று என்ன குழம்பு என்று யோசிக்காமல் அந்தப் படத்தை நான் கடந்து போனதில்லை.

ஆனால் எங்கள் ஜனங்களுக்குப் பிடித்த படம் மீன் படம்தான். ஒரு மேசை, ஒரு செம்புப் பாத்திரம், பாதி உரித்த எலுமிச்சை, நடுவில் ஒரு பெரிய மீன். அது என்ன மீன் என்பதில் காசிமேட்டு மீன்காரர்களிடையே இன்றுவரை சமாதானம் ஏற்படவில்லை. கொடுவா என்பார் ஒருவர், கொடுவாவுக்கு வாய் இப்படியா இருக்கும் என்பார் இன்னொருவர். வரைந்த மகராசன் மீனை வரைந்ததோடு நிறுத்தவில்லை. செவுளின் மூடி லேசாகத் திறந்திருக்கிறது. உள்ளே ரத்தச் சிவப்பு.

கட்டைவிரல்

எங்கள் பக்கத்தில் மீன் வாங்குகிறவர் யாரும் மீனின் பளபளப்பை நம்ப மாட்டார். கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் கூடைக்குள் போகும், வெளுத்திருந்தால் விற்கிறவளுக்கு ரெண்டு வசவு விழும். என் அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். எனக்கு அந்தப் பழக்கம் நடை பழகும்போதே வந்துவிட்டது. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும்.

அப்படிப்பட்ட ஊரில் கொண்டுவந்து, செவுள் திறந்த மீனைக் கை எட்டும் உயரத்தில் மாட்டிவைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் படத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் ஆட்கள் வந்தால், பேசிக்கொண்டே கட்டைவிரலைத் தூக்குவார்கள். நான் ஸ்டூலில் இருந்தே, "கைய எடு" என்று கத்துவேன். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் தேசம்மா இதில் பெரிய கேடி. மாதத்துக்கு ஒரு தடவையாவது உறவுக்காரர்கள் யாரையாவது அழைத்துக்கொண்டு வருவாள். மீன் படத்துக்கு முன்னால் நின்று விரலை நீட்டி, திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் கத்துவேன். "பாத்தியா, கஸ்தூரிக்கா கரீட்டா கத்திச்சி" என்று உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு, எனக்கு ரத்தக் கொதிப்பு.

நான்கு தடவை தடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நானே வலைக் கடையில் பச்சை நைலான் கயிறு வாங்கி, இரண்டு நாற்காலிக்கு நடுவில் கட்டிவிட்டேன். பார்க்க லட்சணமாக இல்லைதான், ஆனால் பல வருஷம் அது மீனைக் காப்பாற்றியது.

பத்து படப் பட்டியல்

பிறகு நந்திதா மேடம் காப்பாட்சியராக வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. படித்தவர், படங்கள் மேல் உண்மையான பாசம் உள்ளவர். ஆனால் வந்த முதல் வருஷமே, "ரசிக்க வேண்டிய பத்து ஐரோப்பிய ஓவியங்கள்" என்று ஒரு துண்டறிக்கை போட வேண்டும் என்றார். இருப்பதே பதினொன்று. அதில் பத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் கூட்டம் போட்டார்கள். தினமும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவளை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. மாடு மேய்கிற படம் கழன்றது. மீன் படம் முதலிடம் பிடித்தது.

போட்டோ எடுக்க வந்தவருக்கு என் பச்சைக் கயிறு இடைஞ்சலாக இருந்தது. மேடமும் அதை அன்றுதான் சரியாகப் பார்த்தார்.

"கஸ்தூரிம்மா, இது என்ன, துணி காயப்போடற மாதிரி இருக்கு. எடுத்துடுங்க. பித்தளைக் கம்பம், வெல்வெட் கயிறோட ஆர்டர் போட்டிருக்கேன்."

"அது வர்ற வரைக்கும் இது இருக்கட்டுமே மேடம்."

"வந்துடும். இன்னொண்ணு, விசிட்டர்ஸைப் பார்த்து இப்படிக் கத்தாதீங்க. ரசிக்க வர்றவங்க பயந்துடுவாங்க. மெதுவா சொல்லுங்க."

வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிற கூடத்தில் மெதுவாகச் சொன்னால் யாருக்குக் கேட்கும்? பித்தளைக் கம்பம் வரவில்லை. துண்டறிக்கையைப் பார்த்துக் கூட்டம் மட்டும் வந்தது. நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், கட்டைவிரல்கள் போய்க்கொண்டே இருந்தன. கயிறு இல்லாமல் ஏழு மாதம் போனது. ஒரு நாள் காலையில் பார்த்தால், செவுளின் சிவப்பில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை.

நானே ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். அவர் டார்ச்சும் லென்ஸும் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மேலிடத்தில் பொறுப்பு யார் என்று கேட்டார்கள். யாராவது ஒருவர் வேண்டுமே. ஜன்னல் வழியாக வரும் கரித்தூளைப் பெஞ்சிலிருந்து துடைக்க நான் ஸ்டூலுக்கு அடியில் ஈரத்துணி வைத்திருப்பேன். அந்தத் துணியை வைத்து மெமோவைத் தயார் செய்துவிட்டார்கள்.

விளக்கம்

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். செவுளைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம், கயிறு, கடிதங்கள், எல்லாம். பதில் வந்தது: "பார்வையாளர்கள் ஓவியத்திலுள்ள மீன் புதியதா எனச் சோதித்தனர் என்ற தங்கள் விளக்கம் நகைப்புக்குரியதாக உள்ளது." தடுப்புக் கேட்டு எழுதிய நான்கு கடிதத்தில் ஒன்றுகூட ஃபைலில் இல்லையாம். என்னிடம் நகல் இருந்தது. ஆனால் ஒன்றிலும் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தோ முத்திரையோ இல்லை. என்னைவிட ஒரு முட்டாள் உண்டா?

விசாரணை அதிகாரி சேலம் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் மீன் சாப்பிடாதவர். என் தலையெழுத்து. ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, படத்தை ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"ஏம்மா, படத்துல இருக்கிற மீனை யாராவது தொட்டுப் பார்ப்பாங்களா? நான் இதை எப்படி ரிப்போர்ட்ல எழுதுறது?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், இந்த பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காருங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். அப்புறம் எழுதுங்க" என்றேன். மேடம் கீழே ஆபீஸில் இருந்தார். அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பெஞ்சு

அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஸ்டூலில். முதலில் ஒரு குடும்பம் வந்தது. பார்த்தார்கள், போனார்கள். பிறகு கல்லூரிப் பிள்ளைகள் வந்து செல்ஃபி எடுத்தார்கள். அடுத்து ஹார்பர்காரர் ஒருவர் வந்து கப்பலைத் திட்டிவிட்டுப் போனார். முப்பத்தொரு வருஷம் தொடாதே என்று கத்தினாலும் கேட்காத ஜனங்கள், அன்றைக்குப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எவராவது தொட்டுத் தொலையுங்களேன் என்று எனக்கு உள்ளுக்குள் கதறலாக இருந்தது.

அப்போது தேசம்மா வந்தாள், தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு. நேராக மீன் படத்துக்குப் போனாள். கட்டைவிரலை நீட்டினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் கத்தவில்லை. அதிகாரி பக்கம் பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தேசம்மா ஒரு நொடி காத்திருந்தாள். அவள் விரல் போய், செவுளில் அழுந்தி, பழக்கப்படி மேலே தூக்கியது.

"வெளுத்துப்போச்சிக்கா இது. எத்தினி நாள் மீனு?" என்று சிரித்தவள், விரலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். நகக்கண்ணில் சிவப்பாக ஒரு செதில் ஒட்டியிருந்தது. அரிசி அளவு இருந்த வெள்ளை இப்போது புளியங்கொட்டை அளவு இருந்தது.

"அய்ய, இன்னாக்கா இது, கையோட வந்துகிச்சி" என்றாள். மருமகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தேசம்மா என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்டாள்: "நீ ஏங்கா கத்தல?"

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

நான் கற்றது

மெமோ ரத்தானது. தேசம்மா பெயர் ரிப்போர்ட்டில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அதிகாரியும் பெயர் போடவில்லை. பித்தளைக் கம்பத்துக்குப் பதில் கண்ணாடியே போட்டுவிட்டார்கள். குறித்த நாளில் ஓய்வு பெற்றேன், மாலை போட்டார்கள். பென்ஷன் வருகிறது. வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்குவதில் தடங்கல் இல்லை. இதையெல்லாம் நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். எது எழுதிக் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அன்றே வாங்குங்கள், நாளைக்கு என்று வைத்தால் போச்சு.

இரண்டாவது, கத்துங்கள். மேடம் கோபித்தாலும், விசிட்டர் புகார் எழுதினாலும், உங்கள் எதிரில் யார் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாலும் கத்துங்கள். ஏழு மாதத்தில் எத்தனையோ விரல்கள் சேர்ந்து அரிசி அளவுக்குத்தான் எடுத்தன. அதைப்போலப் பத்து மடங்கு, நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நொடியில் போனது. அதற்கு எனக்கு மெமோ வரவில்லை.